தலைக்கேற்ற குல்லாய்

செருப்புக் கடைக்குப் போகிற மனிதன் தன் கால் எத்தனையாம் நம்பர் என்று தெரிந்துகொண்டுதான் போகிறான். சட்டைக்குக் கழுத்தளவும் மார்பளவும் தயங்காமல் சொல்லுகிறான். வீட்டுப் பெண்மணிகளோ பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய வளையலின் அளவைக்கூட மறப்பதில்லை. ஆனால், "தங்கள் தலையின் சுற்றளவு என்ன?" என்று நம் நேயர்களைக் கேட்டால், உடனே பதில் சொல்லக்கூடியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே நினைக்கிறோம். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிவிட்டு, அந்தப் பிரதானத்தை மட்டும் அளந்து பார்க்காமல் விட்டிருக்கிறோம். இதன் பலனைக் கண்கூடாகக் காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் ஒரு முறை கொல்லிமலைக்குப் போய்வர வேண்டும்.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1997ஆம் வருஷம் வரையில் சேலத்தோடு சேர்ந்திருந்தது. அடிவாரமான காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையின் மேல்தளம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே கீழே வேர்வை துடைத்துக்கொண்டு புறப்படுகிறவன், மேலே போய்ச் சேரும்போது பற்கள் தந்தியடிக்கப் போய்ச் சேருகிறான். அப்போதுதான் பையிலிருந்து வெளியே வருகிறது குரங்குக் குல்லாய்.

குரங்குக் குல்லாயைப் பற்றி வர்ணிக்க வேண்டிய அவசியம் இல்லை. தலை, காது, கழுத்து, மோவாய் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, முகத்துக்கு மட்டும் ஒரு ஜன்னல் வைத்த கம்பளிச் சாமான் அது. உச்சியில் ஒரு குஞ்சமும் இருக்கும். அது எதற்கு என்பது இதுவரை நமக்கு விளங்கவில்லை. மலையில் இதை அணிந்திருப்பவர்களைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். ஒருவருக்கு ஜன்னல் மேலே ஏறி, நெற்றி முழுவதும் வெளியே கிடக்கிறது. மற்றொருவருக்குக் கீழே இறங்கி, கண்ணை மறைக்கிறது. இன்னொருவர் வலப்பக்கம் திரும்புகிறார். முகம் திரும்புகிறது, குல்லாய் திரும்பவில்லை. பாவம், அவருடைய வலக்கண் கம்பளிக்குள் போய்விட்டது. குழந்தைகளின் கதியைச் சொல்லவே வேண்டாம். அப்பாவுக்கு வாங்கிய அளவிலேயே அவர்களுக்கும் வாங்கி மாட்டியிருப்பார்கள். நிமிஷத்துக்கு ஒரு தரம் ஒரு சிறு கை மேலே போய் அதைத் தூக்கிவிட்டுக்கொண்டே இருக்கும்.

இதைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். ஆயினும் இது வெறும் சிரிப்புக்குரிய விஷயம் அன்று. 70 வளைவுள்ள சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுக்குப் பக்கப் பார்வை மறைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு வளைவிலும் எதிரே வரும் பஸ்ஸின் ஒலியைக் கேட்டுத்தான் வண்டியை ஒதுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மடிப்புக் கம்பளி காதை அடைத்திருந்தால் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே புலப்படாது. ஆகாய கங்கை அருவிக்கு இறங்குகிறவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை மிதிக்க வேண்டும். அந்தப் படிகளில் ஈரமும் பாசியும் உண்டு. மோவாயின் கீழ் திரண்டு நிற்கும் தடித்த கம்பளியால் தன் கால் வைக்கும் இடத்தையே காண முடியாமல் இறங்குகிற முதியவரைப் பார்த்தால், அருவியின் அழகு மனத்தில் பதியாது.

இந்தக் குல்லாயின் பூர்வோத்தரம் சற்று விசித்திரமானது. கருங்கடலின் கரையில், கிரிமியாவில், பாலக்ளாவா என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. 1854ஆம் வருஷம் அக்டோபர் 25ஆம் தேதி அங்கே ஆங்கிலேயரும் அவர்களுடைய கூட்டாளிகளும் ருஷ்யர்களோடு பெரும் போர் செய்தார்கள். அடுத்த மாதம் 14ஆம் தேதி அடித்த புயலில், குளிர்கால உடுப்புகளை ஏற்றி வந்த 'பிரின்ஸ்' என்னும் கப்பல் பாறையில் மோதி மூழ்கிப் போயிற்று. சிப்பாய்கள் குளிரில் விறைத்தார்கள். செய்தி தெரிந்ததும் இங்கிலாந்தில் பெண்கள் ஊசியை எடுத்துக்கொண்டு, கம்பளிக் குல்லாய்களைப் பின்னி அனுப்பலானார்கள். பிற்காலத்தில் அந்தக் குல்லாய்க்கு அத்துறைமுகத்தின் பெயரே நிலைத்துவிட்டது. அந்த ஒரு சண்டையிலிருந்து தையற்காரர்களுக்குக் கிடைத்தது இது மாத்திரமன்று. முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளிச் சட்டைக்குக் கார்டிகன் பிரபுவின் பெயர்; தோளில் மூட்டு இல்லாமல் கழுத்திலிருந்தே புறப்படும் கைக்கு ராக்லன் பிரபுவின் பெயர். படைகளை நடத்திய லட்சணத்துக்காக இவ்விருவரையும் சரித்திரக்காரர்கள் அதிகம் புகழ்வதில்லை. அலமாரியில் மட்டும் அழியாப் புகழ் பெற்றுவிட்டார்கள்.

நம் நாட்டுக்கு இது வெள்ளைக்காரர்களோடும் அவர்களுடைய ராணுவத்தோடும் வந்தது. 1914ஆம் வருஷக் குளிர்காலத்தில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் இறக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள், வெயில் நாட்டுக்குத் தைத்த காக்கி உடுப்போடு போய் நின்று பட்ட பாடு யாவரும் அறிந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அதே கதை ஒரு முறை நடந்தது. 1962ஆம் வருஷம் சீனப் படைகளை எதிர்த்து இமயத்தின் உச்சியில் நின்ற நம் ஜவான்களில் பலருக்குப் பருத்தி உடுப்பும் கான்வாஸ் பூட்ஸுந்தான் இருந்தன. அப்போது தேசமெங்கும் நம் வீட்டுப் பெண்கள் கம்பளி நூல் வாங்கி ஸ்வெட்டரும் குல்லாயும் பின்னி அனுப்பினார்கள். அந்தக் குல்லாய்கள் எந்தத் தலைக்குச் சரியாக இருந்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தருணமும் அன்று. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அதே மனப்பான்மையோடு வாங்குவதுதான் நமக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

ஏன் இப்படி என்று யோசித்துப் பார்த்தால் ஒரு காரணம் தோன்றுகிறது. நம்முடைய முன்னோர் தலைக்கு அணிந்தது தைத்த சாமான் அன்று, கட்டிய துணி. கொல்லிமலையிலேயே இன்றும் பார்க்கலாம். விடியற்காலையில் மிளகுக் கொடிக்கும் காபித் தோட்டத்துக்கும் போகும் மலைவாசிகள், ஒரு துண்டை எடுத்து உருமாலாகச் சுற்றிக்கொள்கிறார்கள். காற்று பலமாக இருந்தால் அதே துண்டு காதை மூடி மோவாயின் கீழ் முடிச்சாகிறது. வெயில் ஏறினால் தோளுக்கு இறங்குகிறது. சுமை தூக்கும்போது சும்மாடாகிறது. பெரிய தலைக்கு இரண்டு சுற்று, சிறிய தலைக்கு மூன்று சுற்று. அளவு என்ற பிரச்னையே அங்கே எழுவதில்லை. கட்டுகிற கையே அளவுகோல். தலைமுறை தலைமுறையாக இப்படிக் கட்டிப் பழகிய நாம், தைத்த குல்லாய்க்கு மாறியபோது அளவெடுக்கும் வழக்கத்தை மட்டும் உடன் கற்றுக்கொள்ளவில்லை. 'ஒருவனுக்குக் குல்லாய் போடுவது' என்றால் ஏமாற்றுவது என்று நம் பாஷையில் அர்த்தம் ஏற்பட்டிருப்பதும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நம் தேசத்தில் ஒரே ஒரு குல்லாய் மட்டும் எல்லோரும் மதித்து அணிந்தது. அது காந்தி குல்லாய். ஒத்துழையாமை இயக்க நாட்களில் அதை அணிந்ததற்காகவே அடிபட்டவர்களும் உத்தியோகத்தை இழந்தவர்களும் உண்டு. ஆனால் அது குளிருக்கு அணிந்ததன்று, கொள்கைக்கு அணிந்தது. காதை மூடவும் மூடாது. ஆகவே நம் விஷயத்துக்கு அது உதவாது.

தலையை மூடாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூடாவிட்டால் பிராணனே போய்விடும் என்று நம்புகிறவர்கள் அவர்களை விட அதிகம். 'தலையில் பனி இறங்கிவிட்டது, அதனால்தான் ஜலதோஷம்' என்பது நம் பாட்டிமார்களின் அசைக்க முடியாத சித்தாந்தம். ஜலதோஷம் கிருமியால் வருவது, பனியால் அன்று. உடலின் உஷ்ணத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் தலை வழியாகவே போய்விடுகிறது என்று அமெரிக்க ராணுவப் புத்தகங்களிலேகூட ஒரு காலத்தில் எழுதியிருந்தார்கள். அதுவும் சரியன்று என்று பிறகு தெரிந்தது. வளர்ந்தவர்களுக்குத் தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. உஷ்ணமும் ஏறக்குறைய அந்தப் பங்குக்குத் தக்கபடியே போகிறது. கைக்குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரியது. அவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

ஆனால் காது வேறு விஷயம். அது மெல்லிய சதை, கொழுப்பு இல்லாதது, காற்றுக்கு நேரே நீட்டிக்கொண்டிருப்பது. கொல்லிமலையின் குளிர் வட நாட்டுக் குளிரைப் போல் உறைபனிக் குளிர் அன்று. மூடுபனியும் காற்றும் கலந்த ஈரக் குளிர். வண்டியில் போகும்போது அந்தக் காற்று இரண்டு மடங்காகிறது. காதும் கன்னமும் வலிப்பது மெய்யாகவே வலிப்பதுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்று இரைப்பை உண்டாக்கக்கூடும். அவர்கள் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடிக்கொள்வது நல்லது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஆகவே தேவைப்படுவது காதைக் காக்கிற, காற்றைத் தடுக்கிற, ஆனால் கண்ணையும் செவியையும் பறிக்காத ஒரு சாமான்.

இப்போது கடைகளில் இரண்டு தினுசு கிடைக்கின்றன. ஒன்று, மேலே சொன்ன குரங்குக் குல்லாய். மற்றொன்று, பனிச்சறுக்கு விளையாடுவோர் அணியும் முகமூடியைப் போன்றது. குல்மார்க்கிலும் ஔலியிலும் பனியில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்கு உரிய இந்தச் சாமான், பனியையே காணாத நம் ஜில்லாக்களில் மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் அபிமானத்தைப் பெற்றிருக்கிறது. மெல்லியதாய், இழுத்தால் நீள்வதாய், கண்கள் மட்டும் தெரியும்படி இருக்கும். இதை அணிந்து டீக்கடை வாசலில் போய் நின்றால், சினிமாவில் பாங்கியைக் கொள்ளையடிக்க வருகிறவர்களின் நினைவு வருவதைத் தவிர்க்க முடிவதில்லை. ஆனால் நியாயமாகச் சொன்னால், தலைக்குப் பொருந்துவதில் இதுவே மேல்.

முதலில் நூலைப் பார்க்க வேண்டும். 'கம்பளிக் குல்லாய்' என்று விற்பதில் பெரும்பாலானவை கம்பளி அல்ல. அக்ரிலிக் என்னும் செயற்கை நூல். விலை மலிவு, நிறம் பளபளப்பு. அதன் குறை என்னவென்றால் ஈரத்தை உள்வாங்காது. ஆட்டு ரோமமோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்ட பிறகும் கைக்கு ஈரமாகத் தெரியாது. மூடுபனியிலும், மூச்சுக் காற்று படும் இடத்திலும் இந்த வித்தியாசம் வெகு நன்றாகத் தெரியும். அரை மணி நேரத்தில் அக்ரிலிக் குல்லாயின் வாய்ப்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது. பிறகு அது குளிரைத் தடுப்பதற்குப் பதிலாகக் குளிரைப் பூசுகிறது.

அப்படியானால் கம்பளியே வாங்கலாமே என்றால், கம்பளி அரிக்கிறது என்பது பலருடைய புகார். அரிப்பது கம்பளியின் குற்றம் அன்று; முரட்டு ரோமத்தின் குற்றம். ரோமம் 30 மைக்ரானுக்கு மேல் தடித்திருந்தால் அதன் நுனி மடங்காமல் தோலைக் குத்துகிறது. அதைவிட மெல்லியதானால் மடங்கிக் கொடுக்கிறது. போர்வைக்கு உதவும் முரட்டுக் கம்பளி முகத்துக்கு உதவாது என்பதன் ரகசியம் இதுதான். முகம் படுகிற இடத்தில் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைத்துவிட்டால் பாதித் தொல்லை தீரும். இதை எந்த வீட்டிலும் அரை மணியில் செய்துகொள்ளலாம்.

அளவுக்கு வருவோம். தையற்கார நாடாவை எடுத்துப் புருவத்துக்குச் சற்று மேலாக, காதுகளுக்கு மேலாக, பிடரியில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். பெரியவர்களில் பலருக்கு 54 முதல் 60 சென்டிமீட்டருக்குள் வரும். குல்லாயை இழுக்காமல் மேஜை மேல் பரப்பி அதன் சுற்றளவையும் பாருங்கள். பின்னலில் இழுவை உண்டாகையால் தலையைவிடக் குல்லாய் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். மேடும் பள்ளமுமாய் வரி வரியாக விழுந்த பின்னல் நன்றாக இழுபட்டு மறுபடி சுருங்கும். சமதளப் பின்னல் ஒரு மாதத்தில் தொளதொளவென்று ஆகிவிடும்.

பிறகு கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பாதகமில்லை. தலையை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள்; ஜன்னல் முகத்தோடு திரும்ப வேண்டும். குனிந்து உங்கள் கால் விரலைப் பாருங்கள். வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி விடுங்கள். நெற்றிப் பக்கம் கீழே இறங்கினால் கழுத்துப் பாகம் குட்டை என்று அர்த்தம். கடைக்காரரை விலை கேளுங்கள்; அவர் சொல்லும் பதில் தெளிவாகக் காதில் விழ வேண்டும். (விழாமலிருந்தால் நல்லதுதான் என்று சில விலைகளைப் பற்றித் தோன்றலாம்.) மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்க்க வேண்டும். வாயும் மூக்கும் மூடியிருந்தால் மூச்சு மேல்நோக்கிப் போய்க் கண்ணாடியில் ஆவி படியும். மூக்கின் கீழே மடித்துவிடக்கூடிய தினுசே அவர்களுக்கு ஏற்றது. ஐந்து நிமிஷம் கழித்துக் கழற்றி, நெற்றியைக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்த கோடு அழுத்தமாக விழுந்திருந்தால் அந்தக் குல்லாயோடு ஒரு நாள் முழுவதும் இருக்க முடியாது.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கு இன்னொரு பரீட்சை இருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தலைக்கவசம் தலையைப் பிடித்தாற்போல் இருந்தால்தான் விழும்போது காப்பாற்றும். அதன் கீழே தடித்த குரங்குக் குல்லாயைத் திணித்தால், ஒன்று கவசம் உள்ளே இறங்காது. அல்லது குல்லாய்க்காகப் பெரிய கவசம் வாங்க, அது வெயில் நாட்களில் வெறுந்தலையில் ஆடும். மலைச் சாலையில் சிலர், குல்லாய் போட்டிருக்கிறோமே என்று கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். குளிருக்குப் பயந்து தலையையே பணயம் வைக்கிற இந்தத் துணிச்சலுக்கு என்ன பெயர் கொடுப்பதென்று தெரியவில்லை. கவசத்தின் கீழே மெல்லிய ஒற்றை மடிப்பு முகமூடியே தகும். கவசத்தை வாங்கும்போது அதையும் அணிந்தே வாங்க வேண்டும்.

குழந்தைகளுக்குக் கண் மட்டும் தெரியும் முகமூடி கூடவே கூடாது. மூச்சு முட்டுகிறது என்று சொல்லத் தெரியாத வயசில், முகத்தின் மேல் நழுவி ஏறக்கூடிய எதையும் மாட்டிவிடுவது அபாயம். வீட்டுக்குள் உறங்கும் கைக்குழந்தைக்குக் குல்லாயே வேண்டாம். ஓடியாடும் பிள்ளைகளுக்குக் காதை மூடி, மோவாயின் கீழே எளிதில் விடுபடும் பொத்தான் வைத்த சிறு குல்லாய் போதும். நீளமான நாடா ஊஞ்சலிலோ வண்டியிலோ சிக்கிக்கொள்ளும்.

இனி, இதையெல்லாம் யார் செய்து தருவது என்பதுதான் கேள்வி. நம் கடைகளுக்கு வரும் குல்லாய்களில் பெரும்பாகம் பஞ்சாப் மாகாணத்து லூதியானாவிலிருந்து வருகிறது. காஷ்மீரத்துப் பஞ்சத்துக்குத் தப்பிவந்த நெசவாளர்கள் 19ஆம் நூற்றாண்டில் அங்கே ஊன்றிய தொழில் அது. அவர்கள் வட நாட்டுக் கடுங்குளிருக்குப் பின்னுகிறார்கள். கொல்லிமலையின் ஈரக்காற்றுக்கு அவ்வளவு தடிப்பு வேண்டியதில்லை. இங்கேயோ, நாமக்கல்லிலிருந்து சில மணி நேரப் பிரயாணத்தில் திருப்பூர் இருக்கிறது. 1920களிலிருந்து பின்னல் துணியிலேயே பிழைக்கிற நகரம். சீமைக்காரர்களின் உடம்பளவையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு அவர்களுக்குப் பனியன் தைத்து அனுப்புகிற நகரம். தமிழனுடைய தலையளவை மட்டும் அது இன்னும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நல்ல ரோமமும் நம்மிடம் இல்லாமற் போகவில்லை. நீலகிரியில், சீமையிலிருந்து வந்த மெரினோ முதலிய இனங்களும் நம் நாட்டு ஆடுகளும் கலந்து 19ஆம் நூற்றாண்டில் உண்டான நீலகிரி ஆட்டின் ரோமம் மென்மையானது. அந்த இனம் அருகிவிடாதபடி உதகமண்டலத்துக்கு அருகே சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில் வைத்துக் காத்து வருகிறார்கள். பருத்தியும் இந்த ரோமமும் கலந்து மெல்லிய ஒற்றை மடிப்பில், பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூன்று அளவுகளில் ஒரு குல்லாய் பின்னினால், அதை வாங்குவதற்குக் கொல்லிமலை மட்டுமல்ல, ஏற்காடும் கொடைக்கானலும் இருக்கின்றன.

சுற்றுலாப் பிரயாணிகள் இரண்டு நாள் குளிரை அனுபவித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். மலைமேல் இருக்கும் அரசாங்கப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகள் குளிர்காலம் முழுவதும் அங்கேயே இருப்பவர்கள். விடியலில் மூடுபனியில் பல் துலக்குகிறவர்கள். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசாங்கம் நடத்தி வந்திருக்கிறது, நல்ல காரியம். அதோடு காதை மூடுகிற ஒரு குல்லாயையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் மூட்டையாகக் கட்டி ஒரே அளவில் அனுப்பிவிட வேண்டாம். ஸ்வெட்டருக்கு அளவெடுக்கிற நாளில் அதே நாடாவைப் பிள்ளைகளின் நெற்றியிலும் ஒரு முறை சுற்றிப் பார்ப்பதற்குத் தனிச் செலவு ஒன்றும் ஆகாது.